இடது ஈறும் வலது ஈறும்

துறைமுகத்தில் காலை இடைவேளைச் சங்கு ஊதி முடிந்த மறு நிமிடம் ஒரு சத்தம் கிளம்பும். இடது உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும். வலது கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, பிறகு நாலு விரலால் தட்டும் சத்தம். எங்கள் பெயிண்ட் கோஷ்டி முழுவதும் ஒரே நேரத்தில் தட்டும். கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் அது எதிரொலித்து, தகரக் கூரையில் முதல் மழை இறங்குவது போலிருக்கும். சுண்ணாம்புத் தூசி பறந்துபோகும். புகையிலை மட்டும் கையில் தங்கும். எல்லாரும் கீழுதட்டை இழுத்து, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை அடக்குவோம். அப்புறம் பேச்சே கிடையாது. கடல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

அந்தச் சத்தத்தை நான் கைவிட வேண்டியதாயிற்று. புகையிலையை அல்ல, சத்தத்தை.

ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். “இன்னையோட புகையிலைய விட்டுட்டேன்” என்று அறிவித்தேன். கையில் மைக் கிடைத்தால் மனிதன் எதை வேண்டுமானாலும் விடுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஜெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை என் வாய் அறிவிப்பைக் கேட்கவே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டது.

ஆனால் ராயபுரத்தில் எங்கள் வீடு தீப்பெட்டி அளவு. ஜெரினாவின் காதோ, மூன்றாவது வீட்டுக் குக்கர் ஒரு விசில் குறைத்து விட்டாலும் கண்டுபிடிக்கும் காது. உள்ளங்கையைத் தட்டினால் மாட்டிக்கொள்வேன். எனவே தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாலகணேஷ் அண்ணாச்சியிடம் சரணடைந்தேன். அவர் புகையிலையைத் தூளாக்கி, சுண்ணாம்பும் கலந்து, ஷாம்பு சரத்துக்குப் பின்னால் பொட்டலமாக வைத்திருப்பார். தேய்க்க வேண்டாம், தட்ட வேண்டாம். நான்கு வருடம் இப்படி ஓசைப்படாமல் ஓடியது.

அப்புறம்தான் அந்த வெள்ளை வந்தது.

சவரக் கண்ணாடியில் பார்த்தேன். கீழே, இடது பக்கம், பொட்டலம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில். ஈறின் மேல் தோசை மாவு தெறித்துக் காய்ந்தது போல, லேசான சுருக்கத்தோடு. வலி இல்லை. நாக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய்த் தடவிவிட்டு வந்தது.

பெயிண்ட் கோஷ்டிக்காரனுக்கு இதில் என்ன குழப்பம்? கப்பலில் இருக்கக் கூடாத இடத்தில் ஏதாவது ஏறியிருந்தால் சுரண்டு. நாக்கு வழிப்பானை எடுத்துச் சுரண்டினேன். ரத்தம் வந்தது, வெள்ளை போகவில்லை. மறுநாள் கல்லுப்பு வைத்துத் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெள்ளை போகவில்லை. வாரங்கள் போயின. வெள்ளை போகவில்லை.

எங்கள் மேஸ்திரிக்கும் இப்படித்தான் ஒரு வெள்ளை வந்தது. “சுண்ணாம்புக் கறைப்பா” என்று சிரித்தார். கடைசியில் அவர் சிரிப்பதற்குக் கன்னத்தில் பாதி இல்லை. அந்த நினைப்பு வந்தால் நான் உடனே எழுந்து நடப்பேன்.

ஆகவே ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன்: இது ஜெரினாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் புகையிலையும் தெரியும். புகையிலை தெரிந்தால் மைக் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அதில் நல்ல பழக்கம்.

தீர்மானம் ஒரு கல்யாண வீட்டு வலீமா விருந்து வரைக்கும் தாக்குப்பிடித்தது. பிரியாணியின் முதல் கவளமே ஈறில் தீ வைத்தது. தட்டை மெல்ல நகர்த்திவிட்டு பிரட் அல்வாவை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். பெண்கள் பந்தி மாடியில். ஆனாலும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

“இன்னாங்க, பிரியாணி துன்னலையாமே.”

“யார் சொன்னா?”

“மண்டபமே சொல்லுது. வாய தொறங்க.”

“எதுக்கு?”

“அல்வா ஒட்டிகினு கீதான்னு பாக்கத்தான்.”

போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தாள். சுங்கத்துறைக்காரர்கள் கூட என்னை அப்படிச் சோதித்ததில்லை.

“இது இன்னா வெள்ளையா?”

“சுண்ணாம்பு.”

சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டேன்.

“வெத்தல போடாத வாய்ல சுண்ணாம்பு எங்கேர்ந்து வந்துச்சி?”

“வூட்டுக்கு வெள்ளையடிச்சாங்களே, அப்ப மேல தெறிச்சி...”

“வூட்டுக்கு அடிச்சது போன வருசம் ரம்ஜானுக்கு. உங்க வாய்க்குள்ளயும் ஏணி போட்டு அடிச்சாங்களா?”

அவள் கத்தவில்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டு கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். டாக்டர் மகிமா. சின்ன வயசு, மெல்லிய குரல். பஞ்சுத் துணியால் அந்த வெள்ளையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“துடைச்சா வந்துடற வெள்ளையும் உண்டு. அது பெரும்பாலும் பூஞ்சை. இது வரல” என்றார். “பக்கத்துல கூர்மையான பல்லு எதுவும் உரசல. இந்த இடத்துல என்ன வைப்பீங்க?”

“ஒண்ணும் வெக்கிறதில்ல டாக்டர்.”

“புகையிலை” என்றாள் ஜெரினா.

“ரொம்ப வருஷமாவா?”

“நடுவுல விட்டுட்டேன்” என்றேன்.

“மைக்குல” என்றாள் ஜெரினா.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “இப்பவே பயந்துக்க வேண்டாம். ஆனா சும்மா விடவும் கூடாது. புகையிலை, சுண்ணாம்பு ரெண்டையும் அடியோட நிறுத்துங்க. நிறுத்தினா இது நிறையப் பேருக்குத் தானாவே மறையும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா சின்னதா ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, உள்ள கெட்டது எதுவும் இருக்கான்னு பரிசோதனைக்கு அனுப்பணும்.”

“நானே லேசா சுரண்டிப் பாக்கலாமா டாக்டர்?”

“சுரண்டினீங்களா?”

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் சிரிக்கும் பல் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. அதற்கு ஈறே இல்லை.

“புகையிலைய விட்டுட்டேன்” என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன். பொய் இல்லை. அந்த நிமிடம் வாயில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். டாக்டர் எதைப் பார்த்தார்? இடது ஈறை. எதைப் பற்றிக் கவலைப்பட்டார்? இடது ஈறை. வலது ஈறு என்ன பாவம் செய்தது? அது இத்தனை வருடமாகச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இடதுக்கு ஓய்வு கொடுத்து வலதை வேலைக்கு அமர்த்தினேன். துறைமுகத்தில் ஷிப்டு மாற்றுவதில்லையா?

நாலு நாளில் கையிருப்பு தீர்ந்ததும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். மத்தியானங்களில் கல்லாவில் அவர் மனைவி தங்கபுஷ்பம் இருப்பாள். ஜெரினாவுக்குத் தோழி. பக்ரீத்துக்குப் பிரியாணி இங்கிருந்து போகும், கிறிஸ்துமஸுக்குக் கேக் அங்கிருந்து வரும். அதனால் அவள் இருக்கும் நேரத்தில் நான் வெறும் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். அன்று அவளே உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

“அக்கா கிட்ட சொல்ல மாட்டேன் பாய். நீங்க ஏன் மறைஞ்சி மறைஞ்சி வாறிய?”

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். தங்கத்துக்குத் தங்கமான மனசு.

அதற்குப் பிறகு எனக்கு என்னவோ ஆனது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. காசிமேடு வரை நடந்து, மீன் ஏலம் போவதைப் பார்த்து, எதையும் வாங்காமல் திரும்பினேன். திரும்பியதும் மறுபடியும் போனேன். ஏலம் விடும் பெண் என்னைப் போலீஸ் என்று சந்தேகப்பட்டாள். ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் குளிர்ந்தது, இரண்டில் வைத்தால் வியர்த்தது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு எண் இல்லையே என்று ரெகுலேட்டர் கம்பெனியைத் திட்டினேன். டிவி ரிமோட்டின் பட்டன்கள் தேய்ந்தன. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தால், எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது.

“இன்னா, பம்பரமாட்டம் சுத்திகினே கீறீங்க?”

“துணுக்கு வெட்டணும்னாங்களே. அந்த ரோசன.”

“குந்துங்க. டீ போடறேன்.”

“டீ வேணாம்.”

“அப்ப இன்னா வேணும்?”

எனக்கே தெரியவில்லை. டீ வேண்டும் என்று தோன்றியது. வந்ததும் வேண்டாமென்று தோன்றியது. பொட்டலத்தை இரட்டிப்பாக்கினேன். அடக்கினேன், துப்பினேன், மறுபடி அடக்கினேன். தாகம் உள்ளவன் காலிக் குடத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பது போல இருந்தது.

அண்ணாச்சியிடம் முறையிட்டேன். “இன்னா அண்ணாச்சி, சரக்கு சப்புனு கீது?”

அவர் கடலைப் பருப்பை நிறுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: “என்ன செய்ய பாய். கெடுபிடி சாஸ்தியா இருக்குல்லா. இந்த மட்டுக்கும் வருதேன்னு சந்தோசப்படுங்க.”

“கலப்படம் பண்றானுங்களோ?”

“காலம் கெட்டுப் போச்சி பாய்” என்றார். அவருக்கும் கண் கலங்கியது போலிருந்தது. சிரிப்பை அடக்கினாலும் மனிதனுக்குக் கண் கலங்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார்.

“பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு” என்றார் டாக்டர். “இப்ப வெட்ட வேண்டாம். இதே மாதிரி இருங்க. அடுத்த மாசம் பாப்போம்.”

ஜெரினா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. என் மண்டைக்குள் ஒரு ஆராய்ச்சி கிளம்பிவிட்டிருந்தது.

இடது பக்கம் மறைகிறது. நான் புகையிலையை விடவில்லை. வலது பக்கம் முன்பைவிட இரண்டு மடங்கு அடக்குகிறேன். அங்கே ஒரு புள்ளி கூட இல்லை. அப்படியானால் வெள்ளைக்கும் புகையிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த உண்மை. உலகத்தில் எத்தனை டாக்டர்கள், எத்தனை போர்டுகள், எத்தனை பயமுறுத்தும் படங்கள். எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். ராயபுரத்தில் ஒருவன் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறான்.

உண்மை தெரிந்தவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம். அந்த மாதம் முழுவதும் கஷ்டப்பட்டேன்.

அடுத்த மாதம் டாக்டர் நன்றாகப் பார்த்தார். ஈறைத் தடவினார், கன்னத்தைத் தடவினார், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தார். “சுத்தமா மறைஞ்சிடுச்சு. வெட்டறதுக்கு எதுவும் இல்ல” என்றார். ஜெரினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். மைக் இல்லாத குறை ஒன்றுதான்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன். கோச்சிக்கக் கூடாது. நீங்க படிச்சவங்க. ஆனா இந்த விசயத்துல உங்க படிப்பு தப்பு.”

“எப்படி?”

“நான் புகையிலைய விடவே இல்ல. டெய்லி போட்டுகினுதான் கீறேன். பக்கத்த மாத்திட்டேன், அவ்ளோதான். வலது பக்கம் பாருங்க. ஒண்ணும் இல்ல. அப்ப இன்னா அர்த்தம்?”

இடி விழும் என்று ஜெரினாவைப் பார்த்தேன். அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கும் பல்லின் படத்தைப் பார்த்தாள்.

நம்பவில்லை போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். “சாட்சி” என்றேன்.

டாக்டர் பிரித்தார். விரலால் கிளறினார். முகமூடியை இறக்கி மோந்து பார்த்தார்.

“கிராம்பு வாசனை வருதே, வறுத்த வாசனையும். இது யார் வறுத்தது?”

“நான்தான் டாக்டர்” என்றாள் ஜெரினா. “இந்த தபா கொஞ்சம் கருகிட்ச்சா?”

அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. என் நாக்கு தானாக வலது ஈறுக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

“முருங்கக் கீர” என்று அவள் டாக்டருக்குச் சமையல் குறிப்பு சொன்னாள். “நெழல்ல காயவெச்சி, இரும்புச் சட்டில செவக்க வறுத்து, கிராம்பு தட்டிப் போட்டுத் தூள் பண்ணது. மொத ரெண்டு மூணு நாளு பாதி நெசப் புகையிலை கலந்து குடுத்தோம். சந்தேகம் வரக்கூடாது பாருங்க. அப்புறம் ஃபுல்லா கீரதான். தங்கபுஷ்பம் மடிச்சிக் குடுப்பா.”

“சுண்ணாம்பு?”

“அது இல்ல டாக்டர். அரிசி மாவு.”

டாக்டர் முகமூடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். சிரிப்பில் அது ஆடிக்கொண்டிருந்தது.

“அப்ப எனக்கு ஒரு எடத்துல நிக்க முடியாம, குந்த முடியாம...” என்றேன்.

“அது புகையிலை நின்னதால வர்ற தவிப்பு சார். நீங்க அப்பவே விட்டுட்டீங்க. உங்களுக்குத்தான் தெரியல.” அப்புறம் குரலைக் கொஞ்சம் மாற்றினார். “ஆனா இது திரும்பி வரலாம். மூணு மாசத்துக்கு ஒருதடவ வந்து வாயைக் காட்டிட்டுப் போகணும்.”

ஆட்டோவில் நான் வலது பக்கம் பார்த்தேன், அவள் இடது பக்கம் பார்த்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா?”

“நானே விட்டிருப்பேன்.”

“விட்டிருப்பீங்க. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல.”

கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மேஸ்திரி வூட்டம்மா அவருக்குக் கடேசில டியூப்புல கஞ்சி ஊத்துவா. கை நடுங்காம ஊத்துவா. நான் பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தேன். எனக்கு அந்தக் கை இல்லீங்க. எனக்குக் கீர வறுக்கத்தான் வரும்.”

கேட் திறந்தது. ஆட்டோக்காரர் கிளப்பினார்.

ஆனால் ஆண்பிள்ளைக்கு ஒரு ரோஷம் இருக்கிறது. இரண்டு நாள் அது என்னை மாடிக்கும் தெருவுக்கும் விரட்டியது. ஒன்றரை மாதமாக முருங்கைக் கீரையை வாயில் அடக்கிக்கொண்டு, கலப்படத்தைப் பற்றி நாட்டைத் திட்டியிருக்கிறேன். மூன்றாம் நாள் பஸ் ஏறித் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஒரு மளிகைக் கடையில் அசல் புகையிலையும் தனியாகச் சுண்ணாம்பும் வாங்கினேன். நடைபாதையில் நின்று தேய்த்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு, வெயிலில், ஊரறியத் தட்டினேன். அடக்கினேன்.

எதிரே இருந்த போஸ்டர் நகர்ந்தது. பிறகு எதிர்ச் சுவரே நகர்ந்தது. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், தரை மேலே வந்தது. வியர்த்துக் கொட்டி, கடைப் படியில் உட்கார்ந்து, காலையில் தின்ற இட்லியைத் திருவொற்றியூருக்கே கொடுத்துவிட்டேன். மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி நின்று பார்த்தாள்.

“இன்னா நைனா, காலைலயே ஏத்திகினியா? பெரிய மனுசனா கீறியே.”

கடைக்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். முகம் கழுவ மட்டும் அல்ல, குடிக்கவும் சரியாக ஒரு சொம்பு தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர்.

வீட்டுக்குள் நுழைந்தால் மேசையில் எலுமிச்சைச் சாறு. பக்கத்தில் துண்டு. அதன் பக்கத்தில் ஜெரினா.

“குடிங்க. உப்பு போட்டுக் கீது. தல சுத்தல் நிக்கும்.”

“யாருக்குத் தல சுத்துது?”

“காலடிப்பேட்டைல கட வெச்சிகினு கீறவரு தங்கபுஷ்பத்தோட சித்தி மவன். நீங்க பஸ் ஏறறதப் பாத்துட்டு, எறங்கறதுக்கு முன்னாடியே பாலகணேஷ் அண்ணாச்சி எல்லாக் கடைக்கும் போன் பண்ணிட்டாரு. இந்தப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் அவங்க சொந்தம்தாங்க.”

“தெரிஞ்சும் எனக்கு அசல் சரக்கையா குடுத்தாரு?”

“நான்தான் குடுக்கச் சொன்னேன். பழக்கம் வுட்ட ஒடம்பு. ஒரு தபா பட்டா அப்புறம் கேக்காது.”

சாற்றைக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

அதோடு நான் புகையிலையைத் தொடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறேன். இதுவரை வெள்ளை திரும்பவில்லை. எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து கணவன்மார்கள் பொட்டலம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சரக்கு சப்புனு கீது என்று அண்ணாச்சியிடம் சண்டை போடுகிறார்கள். அவர்கள் மனைவிமார்கள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

கீரை ஆய்ந்து கொடுப்பது நான்தான்.